தாத்தா வண்டி ஜெயித்த கதை

"ஆட்டோமேட்டிக்கா? அதெல்லாம் தாத்தா ஓட்டுற வண்டி சார்!"

வேகமான கார்களைப் பற்றிப் பேச நாலு பேர் கூடினால், இந்த வசனம் வராமல் கூட்டம் கலையாது. கியரைத் தானே போடுகிறவன் டிரைவர். லீவரை 'டி'க்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பவன் பாசஞ்சர். அவர்கள் கணக்கு அவ்வளவுதான். நானும் ரொம்பக் காலம் அந்தக் கட்சியில் இருந்தவன் என்பதால் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால், அந்தக் கட்சிக்காரர்களிடம் இப்போது ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். பிஎம்டபிள்யூ எம்5 என்றொரு கார். நான்கு கதவு, குடும்பத்தோடு உட்கார இடம், டிக்கியில் பெட்டி வைக்க இடம், பானெட்டுக்குள் பந்தய வெறி. இந்த ரகக் கார்களுக்கெல்லாம் அதுதான் உரைகல். 2005-ல் விற்பனைக்கு வந்த எம்5-ல் இருந்தது, கிளட்சை இயந்திரமே பிரித்து, கியரையும் இயந்திரமே மாற்றும் ஆட்டோமேட்டட் மேனுவல். 2011-ல் வந்த அடுத்த எம்5-ல் இரண்டு கிளட்ச் வைத்த டிசிடி. 2017-ல் அறிமுகமான அதற்கடுத்த எம்5-ல் என்ன தெரியுமா? எண்ணெயில் சுழலும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக். அதாவது, தாத்தா வண்டி கியர்பாக்ஸ்.

பன்னிரண்டு வருடத்தில் மூன்று கியர்பாக்ஸ். கடைசியில் வந்து நின்ற இடம், பழசிலும் பழசு. பிஎம்டபிள்யூவின் மியூனிக் இன்ஜினீயர்களுக்கு என்ன ஆயிற்று?

பெயரில் ஒரு குழப்பம்

ஷோரூமில் கேட்டால், கிளட்ச் மிதி இல்லாத எல்லாமே 'ஆட்டோமேட்டிக்'தான். உள்ளே திறந்து பார்த்தால் சாதி வேறு.

ஆட்டோமேட்டட் மேனுவல் என்பது, நாம் ஓட்டிப் பழகிய அதே மேனுவல் கியர்பாக்ஸ். அதே கிளட்ச் பிளேட், அதே பல்சக்கரங்கள், அதே சிங்க்ரோ வளையங்கள். நம் இடது காலுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் நகரும் ஒரு பிஸ்டன். இடது கைக்குப் பதிலாக இன்னொன்று. இரண்டுக்கும் உத்தரவு போட ஒரு கம்ப்யூட்டர். நம் ஊரில் 'ஏஎம்டி' என்று சிறிய கார்களில் விற்கப்படுவதும் இதே குலம்தான். டிசிடி இதன் பணக்காரத் தம்பி. அதுவும் மேனுவல் பல்சக்கரங்களை இயந்திரம் மாற்றும் ஏற்பாடுதான். ஆனால், ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச்.

வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே இரும்போடு இரும்பு உரசுவதில்லை. கல்யாண வீட்டு அண்டாவில் சாம்பாரைப் பெரிய துடுப்பால் வேகமாகச் சுழற்றுங்கள். உள்ளே விட்ட கரண்டியும் கூடவே சுற்றத் தொடங்கும். துடுப்பு கரண்டியைத் தொடவே இல்லை, சாம்பார்தான் சுற்றுகிறது. துடுப்பு இருக்கும் இடத்தில் இன்ஜினோடு சேர்ந்த சக்கரம், கரண்டி இருக்கும் இடத்தில் கியர்பாக்ஸோடு சேர்ந்த சக்கரம், சாம்பாருக்குப் பதில் எண்ணெய். நடுவே ஸ்டேட்டர் என்று மூன்றாவதாக ஒன்று உட்கார்ந்து, திரும்பி வரும் எண்ணெயைச் சரியான கோணத்தில் மறுபடி அடித்துவிடுகிறது. அதனால் வண்டி நகரத் தொடங்கும் நொடியில், இன்ஜின் தரும் முறுக்குவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகும். இந்த இரண்டு மடங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

டார்க் கன்வெர்ட்டர் என்ற இந்த எண்ணெய் வித்தையைக் கண்டுபிடித்தது காருக்காகவே இல்லை. ஹெர்மான் ஃபட்டிங்கர் என்ற ஜெர்மன் இன்ஜினீயர் 1905-ல் கப்பல்களுக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், 1940-ம் வருட ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ரா-மேட்டிக் என்ற முழு ஆட்டோமேட்டிக்கைப் பெருமளவில் விற்கத் தொடங்கியது. சௌகரியம் என்றால் சௌகரியம். ஆனால் பழைய ஆட்டோமேட்டிக்குகளில் எண்ணெய் எந்நேரமும் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் சத்தம் வரும், அப்புறம் யோசனை வரும், கடைசியில்தான் வேகம் வரும். மைலேஜ் அடிபடும். தாத்தா வண்டி என்ற பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை.

ரியோவில் நடந்த விபரீதம்

ஆட்டோமேட்டட் மேனுவலின் ஜாதகம் வேறு மாதிரி. அது பிறந்ததே பந்தயத்தில்.

1980-களின் கடைசி. ஃபெராரி ஃபார்முலா 1 அணிக்குக் கார் வடிவமைத்தவர் ஜான் பர்னார்ட். இத்தாலிக்குக் குடிபோக மறுத்து, இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டில் அலுவலகம் போட்டு வேலை பார்த்த மனிதர். அவருக்கு கியர் லீவர் மீதுதான் கோபம். லீவர் இருந்தால் அதற்கு இடம் வேண்டும், டிரைவர் கை நகர இடம் வேண்டும், லீவரிலிருந்து பின்னால் கியர்பாக்ஸ் வரை கம்பி ஓட இடம் வேண்டும். கார் அகலமாகிவிடும், காற்று தடுக்கும். லீவரையே தூக்கி எறிந்தால்? ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பேடில் வைத்து, மின்சாரத்தால் எண்ணெய் வால்வுகளைத் திறந்து மூடி கியர் மாற்றலாம் என்றார். கியர் சீக்கிரம் விழுவது கூடவே கிடைத்த லாபம்.

சோதனை ஓட்டங்களில் அந்த ஃபெராரி 640 படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. முழுப் பந்தய தூரத்தை அது ஓடி முடிக்கும் என்று அணியிலேயே யாருக்கும் நம்பிக்கை இல்லை. 1989 மார்ச் 26, ரியோ டி ஜெனிரோவின் ஜக்கரேபாகுவா மைதானம், பிரேசில் கிராண்ட் பிரீ. நைஜல் மான்ஸெலுக்கு ஃபெராரியில் அதுதான் முதல் பந்தயம். கார் எப்படியும் நடுவழியில் நின்றுவிடும், சீக்கிரம் ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று முன்கூட்டியே போகும் விமானத்தில் டிக்கெட் போட்டு வைத்திருந்ததாக அவரே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். பந்தயத்தின் நடுவே ஸ்டீயரிங் வீலையே கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் கியர்பாக்ஸ் நிற்கவில்லை. மான்ஸெல் ஜெயித்தார்.

அந்த வருடத்தின் மற்ற பந்தயங்களில் அந்தக் கார் பலமுறை பாதியில் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் விதை விழுந்துவிட்டது. 1995-ல் ஃபோர்ட்டி என்ற சின்ன அணியின் காரோடு, ஃபார்முலா 1-ல் மேனுவல் கியர் லீவர் முடிந்துபோனது.

பந்தயத்தில் வந்தது தெருவுக்கு வராமல் இருக்குமா? 1997-ல் எஃப்355 காரில் ஃபெராரி பேடில் வைத்து விற்றது. பிறகு வரிசையாக மசராட்டி, லம்போர்கினி, ஆஸ்டன் மார்ட்டின் வான்க்விஷ். பிஎம்டபிள்யூ இதற்கு எஸ்எம்ஜி என்று பெயர் வைத்தது. 2001-ல் எம்3-ல் வந்த இரண்டாம் தலைமுறை எஸ்எம்ஜி, கியரை 0.08 விநாடியில் மாற்றும் என்றார்கள். ஃபெராரி என்ஸோவில் 0.15 விநாடி, 599-ல் 0.10, 2007-ன் 430 ஸ்குடேரியாவில் 0.06. ஒவ்வொரு கம்பெனியும் எங்கே தொடங்கி எங்கே முடித்து அளக்கிறது என்பது வேறு வேறு. அதனால் இந்த எண்களை ஒன்றோடு ஒன்று மோதவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஆனால், கை தேர்ந்த டிரைவர் லீவரைப் பிடித்து மாற்றினாலே கால் விநாடி, அரை விநாடி ஆகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி என்றால் கார் சுமார் 14 மீட்டர் போய்விடும். 0.08 விநாடியில் இரண்டேகால் மீட்டர்தான். காகிதத்தில் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது.

கழுத்துக்குத் தெரிந்த உண்மை

தெருவில் முடியவில்லை.

ஒற்றை கிளட்ச் வண்டியில் மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பேடிலை விரலால் இழுக்கிறீர்கள். கம்ப்யூட்டர் முதலில் இன்ஜினின் இழுவையைக் குறைக்கிறது. பிஸ்டன் கிளட்சைப் பிரிக்கிறது. கியர் மூன்றை விட்டு விலகி, நியூட்ரலைத் தாண்டி, நான்கில் விழுகிறது. கிளட்ச் மறுபடி கவ்வுகிறது. இன்ஜின் மறுபடி இழுக்கிறது. எவ்வளவு வேகமாக நடந்தாலும், நடுவே ஒரு கணம் சக்கரத்துக்கு இழுவை பூஜ்யம். கார் தள்ளிக்கொண்டு போவது நிற்கிறது. உடம்பு முன்னால் சாய்கிறது. இழுவை திரும்ப வந்ததும் சீட்டில் அறைகிறது.

மேனுவலிலும் இதே இடைவெளி இருக்கத்தானே செய்கிறது, அங்கே ஏன் உறுத்தவில்லை? அங்கே மிதிப்பது நாம். அடுத்து என்ன வரப்போகிறது என்று உடம்புக்கு முன்பே தெரியும். கழுத்து தானாக இறுகிக்கொள்ளும். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாதல்லவா, அதே கதை. இயந்திரம் தன் இஷ்டத்துக்கு மாற்றும்போது கழுத்துக்குத் தகவல் வருவதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஆகிவிடுவார். இந்த வண்டிகளை நெடுநாள் வைத்திருந்தவர்களுக்கு ஒரு தந்திரம் தெரியும். கியர் விழும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தளர்த்திக்கொடுப்பார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இயந்திரத்துக்கு மனிதன் உதவி செய்ய வேண்டிய நிலை.

2005-ன் எம்5 இந்தச் சிக்கலின் உச்சம். ஐந்து லிட்டர் வி10 இன்ஜின், 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை சுற்றும். ஏழு கியர் எஸ்எம்ஜி. கியர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு முரட்டுத்தனமாக விழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்க பதினொரு விதமான அமைப்புகள். பதினொன்று! ஒரு கியர்பாக்ஸுக்குப் பதினொரு குணம் தேவைப்படுகிறது என்றால், அதில் ஒன்றுகூட எல்லா நேரத்துக்கும் சரிப்படவில்லை என்றுதான் எனக்கு அர்த்தமாகிறது. முழு வேகத்தில் அந்தக் கார் தெய்வம். வாகன நெரிசலில், முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே, லைசென்ஸ் எடுக்கப்போன முதல் நாள் மாதிரி. அமெரிக்க வாடிக்கையாளர்கள் விடாப்பிடியாகக் கேட்டு, மேனுவல் கியர்பாக்ஸ் வைத்த எம்5-ஐ வாங்கிக்கொண்டார்கள்.

நெரிசலில் ஏன் இப்படி? எனக்கு இதைப் புரியவைத்தது எந்தப் புத்தகமும் இல்லை. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறை. நாற்பது வருடமாகக் கை கறுத்த மெக்கானிக் ஒருவர், ஒரு சின்ன ஏஎம்டி காரின் கியர்பாக்ஸை இறக்கி வைத்திருந்தார். கழற்றிய கிளட்ச் பிளேட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க சார்."

கருகின வாடை. பிளேட்டின் முகம் நீலம் பாரித்திருந்தது.

"இவரு வீட்ல பேஸ்மென்ட் பார்க்கிங். தினம் காலையில ரேம்புல பாதி ஏறி, கேட் திறக்குற வரைக்கும் ஆக்ஸிலரேட்டர்லயே வண்டியப் புடிச்சி நிப்பாட்டுவாராம். பிரேக்ல கால் வைக்க மாட்டாரு. பிளேட்டக் குத்தம் சொல்லி என்ன பண்றது? ஹாஃப் கிளட்ச்ல நிக்கிறோம்னு அவருக்கே தெரியாது. மிதி இருந்தாத்தானே சார் தெரியும்?"

அந்தக் கடைசி வாக்கியத்தைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்டோமேட்டட் மேனுவல் கிளட்ச் மிதியை எடுத்துவிட்டது, கிளட்சை எடுக்கவில்லை. உரசல், சூடு, தேய்மானம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. நமக்குத் தெரியாமல் இருக்கின்றன. முன்னூறு குதிரை, ஐந்நூறு குதிரை இன்ஜினுக்கு வைத்த கிளட்ச் இறுக்கமாகக் கவ்வும் ரகம் என்பதால், ஊர்ந்து போகும்போது பாடு இன்னும் மோசம்.

பட்டறையின் மூலையில் ஒரு டார்க் கன்வெர்ட்டரும் கிடந்தது. பெரிய பரங்கிக்காய் அளவு இரும்புக் குடுக்கை. காலால் தட்டிக்காட்டி, "இதுல தேய என்ன சார் இருக்கு, எண்ணெய்தானே" என்றார். முழு உண்மை இல்லை. உள்ளே லாக்-அப் கிளட்ச் ஒன்று உண்டு. எண்ணெயை மாற்றாமல் விட்டால் இதுவும் கெடும். கெட்டால் பில் பலமாக வரும். ஆனால், ரேம்பில் பாதியில் நிற்பது இதற்கு ஒரு பொருட்டே இல்லை என்ற வரையில் அவர் சொன்னது சரி.

தம்பி வந்தான்

ஒற்றை கிளட்சின் தலையாட்டலுக்கு வைத்தியமாக வந்தது டிசிடி. மூன்றாவது கியரில் போகும்போதே நான்காவது இன்னொரு தண்டில் தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட விட, மற்றொன்று பிடிக்கும். இழுவை அறுபடாது. போர்ஷே இதை 1980-களிலேயே பந்தயத்தில் சோதித்தது. 1986-ல் மோன்ஸாவில் ஹான்ஸ் ஸ்டக், டெரெக் பெல் இருவரும் பிடிகே என்ற இந்த கியர்பாக்ஸ் வைத்த 962 காரில் ஜெயித்தார்கள். ஆனால் தெருவில் முதலில் கொண்டுவந்தது ஃபோக்ஸ்வாகன், 2003-ல் கோல்ஃப் ஆர்32-ல். நிஸான் ஜிடி-ஆர், போர்ஷே 911, ஃபெராரி 458 என்று மளமளவென்று பரவியது. 2009-ல் வந்த 458-ல் மேனுவலும் கிடையாது, ஒற்றை கிளட்சும் கிடையாது. இருபது வருடத்துக்கு முன் தானே பெற்ற பிள்ளையை ஃபெராரி தலைமுழுகிவிட்டது.

இத்தோடு தாத்தா வண்டியின் கதையும் முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினோம்.

ஸார்ப்ரூக்கனில் நடந்த வேலை

எழுதும்போது ஒன்றை மறந்துவிட்டோம். இழுவை அறுபடாமல் கியர் மாற்றுவது என்று டிசிடியைக் கொண்டாடினோமே, அந்த வித்தை ஆட்டோமேட்டிக்குக்குப் பிறவியிலேயே உண்டு. அதன் உள்ளே இருப்பது கோள்சக்கர அமைப்பு. நடுவில் சூரியன் போல ஒரு பல்சக்கரம், சுற்றிலும் கிரகங்கள், வெளியே ஒரு வளையம். எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் கியர் மாறுகிறது. பல்லோடு பல்லைப் பிரித்துச் சேர்க்கும் வேலையே இல்லை. ஒரு கிளட்ச் விடும்போதே இன்னொன்று பிடிக்கும். பழைய வண்டிகளில் இதற்கு உத்தரவு போட்டது, எண்ணெய் ஓடும் வாய்க்கால்களும் வால்வுகளும் நிறைந்த ஒரு உலோகப் பலகை. உத்தரவு போய்ச் சேர நேரமாகும். போதாக்குறைக்கு டார்க் கன்வெர்ட்டர் எப்போதும் வழுக்கிக்கொண்டிருக்கும். சோம்பல் இருந்தது உத்தரவிலும் வழுக்கலிலும்தான், பல்சக்கரங்களில் இல்லை.

ஜெர்மனியில் ஸார்ப்ரூக்கன் நகரில் இசட்எஃப் கம்பெனி தயாரிக்கும் 8எச்பி என்ற எட்டு கியர் ஆட்டோமேட்டிக், 2009-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்தது. அந்த இரண்டு சோம்பலையும் அது வெட்டி எறிந்தது. எட்டு கியருக்கு நான்கே நான்கு கோள்சக்கரத் தொகுதிகள், ஐந்தே ஐந்து பிடிப்பான்கள். எந்த கியரில் ஓடினாலும் ஐந்தில் மூன்று பிடித்திருக்கும், இரண்டுதான் திறந்திருக்கும். திறந்தவை குறைவு என்றால் வீணாக எண்ணெயைக் கலக்குவதும் குறைவு. கார் நகர்ந்த சில மீட்டரிலேயே லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வழுக்கல் என்ற பேச்சே இல்லை. இரும்போடு இரும்பாக நேரடி இணைப்பு. உத்தரவு மின்னணுவில் பறக்கும். எட்டிலிருந்து இரண்டுக்கு, நடுவே உள்ள ஐந்து கியர்களைத் தொடாமல் ஒரே தாவலில் இறங்கும். டிசிடியால் இது முடியாது என்று சொல்லவில்லை. எட்டும் இரண்டும் ஒரே கிளட்சின் கீழ் வரும் கியர்கள் என்பதால், அது சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1960-களில் டெக்ஸாஸைச் சேர்ந்த ஜிம் ஹால், தன் சாப்பரல் பந்தயக் கார்களில் டார்க் கன்வெர்ட்டர் வைத்து ஓட்டினார். கிளட்ச் மிதி இல்லாததால் இடது கால் சும்மா இருந்தது. அந்தக் காலுக்குப் பின்னாளில் காரின் இறக்கையை ஆட்டும் வேலை கொடுத்தார். 1965-ல் ஒரு சாப்பரல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. 1966-ல் இன்னொரு சாப்பரல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 1,000 கிலோமீட்டர் பந்தயத்தையும் ஜெயித்தது. எழுபதுக்கு மேல் வளைவுகள் உள்ள மலைப்பாதை அது. ஆட்டோமேட்டிக் பந்தயத்துக்கு ஆகாது என்று இன்னும் சொல்பவர்கள், சொல்லத் தொடங்குவதற்கு முன்பே தோற்றுவிட்டார்கள்.

இப்போது அந்த இரண்டு மடங்குக்கு வருவோம். நின்ற இடத்திலிருந்து பாயும்போது உராயும் கிளட்ச் செய்வதெல்லாம், இன்ஜின் தருவதைக் கடத்துவது மட்டும்தான். அதிலும் ஒரு பகுதியைச் சூடாக்கி வீணாக்கும். டார்க் கன்வெர்ட்டரோ வாங்கியதைப் பெருக்கிக் கொடுக்கும். அமெரிக்க டிராக் பந்தயக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். 2018-ம் வருட மாடலாக வந்த டாட்ஜ் டீமன், 840 குதிரைத்திறனோடு கிளம்பும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அதில் இருப்பது எட்டு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்.

எம்5 ஏன் திரும்பியது?

இன்ஜினைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். 2005-ன் வி10 தந்த முறுக்குவிசை 520 நியூட்டன் மீட்டர். டர்போ வி8-க்கு மாறிய 2011 காரில் 680. 2017-ல் 750. உராயும் கிளட்சை இவ்வளவு முறுக்குக்குப் பலப்படுத்தினால் எடையும் சூடும் கூடிக்கொண்டே போகும். அப்போது பிஎம்டபிள்யூ எம் பிரிவில் இருந்த உயரதிகாரி ஒருவர் பத்திரிகைகளிடம் சொன்ன காரணம் எளிமையானது. டிசிடிக்கு இரண்டு அனுகூலங்கள் இருந்தன, எடை குறைவு, வேகம் அதிகம். நவீன ஆட்டோமேட்டிக் வந்தபின் அந்த அனுகூலம் பெரிதும் போய்விட்டது என்றார்.

0-100 கணக்கில் 2005 எம்5 எடுத்துக்கொண்டது 4.7 விநாடி. 2011 கார் 4.4. டார்க் கன்வெர்ட்டர் வைத்தது 3.4. இந்த ஒரு விநாடிப் பாய்ச்சலை கியர்பாக்ஸ் கணக்கில் மட்டும் எழுதுவது மோசடி. அந்தத் தலைமுறையில்தான் எம்5 நான்கு சக்கரத்திலும் இழுக்கத் தொடங்கியது, பெரும்பங்கு அதற்குத்தான். ஆனால் தாத்தா கியர்பாக்ஸ் அந்தப் பாய்ச்சலுக்குக் குறுக்கே நிற்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். 2024-ல் வந்த ஹைப்ரிட் எம்5-ல் மின்மோட்டாரையே எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கின் உறைக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். 2020-ல் அறிமுகமான எம்3-லும் இதே கதை. மேனுவல் வேண்டியவர்களுக்குச் சில நாடுகளில் அடிப்படை மாடல் கிடைத்தது. அதைவிடச் சக்தி கூடிய காம்பெடிஷன் மாடலில் ஆட்டோமேட்டிக் மட்டும்தான்.

இதை வைத்து டிசிடி செத்துவிட்டது என்று முடிவு கட்டினால் செவர்லே கார்வெட் வந்து சிரிக்கும். அது எதிர்த்திசையில் போன கார். எட்டு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும் மேனுவலும் வைத்திருந்த கார்வெட், 2020 மாடலில் இன்ஜினை டிரைவருக்குப் பின்னால் நகர்த்தியபோது டிசிடிக்கு மாறியது. ஃபெராரி, லம்போர்கினி, மெக்லாரன் என்று இன்ஜின் நடுவில் உள்ள கார்களில் டிசிடிதான் ராஜா. எங்கே இடம் இருக்கிறது, எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் அங்கே வேறு கணக்கு.

ஒற்றை கிளட்சையும் சிலர் வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். டிசிடியைவிடச் சின்னது, எடை குறைவு. லம்போர்கினி அவென்டடோர் 2011-லிருந்து 2022 வரை ஒற்றை கிளட்சிலேயே ஓடி முடித்தது. முழு வேகத்தில் கியர் விழும்போது முதுகில் உதைத்தது மாதிரி இருக்கும் என்று புகார் சொன்னவர்களும் உண்டு, அதற்காகவே வாங்கியவர்களும் உண்டு. ஐந்நூறு மட்டும் தயாரிக்கப்பட்ட லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரிலும் ஒற்றை கிளட்ச்தான். கியர் விழுவது டிரைவருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அந்த உதை பிடிக்கும். ஒரு நாளைக்கு. மறுநாள் ஆபீஸ் போக வேண்டும்.

சந்தையும் தன் தீர்ப்பைச் சொல்லியிருக்கிறது. அந்தக் காலத்து ஃபெராரிகளில் பேடில் வைத்ததுதான் புதுமை. லீவர் வைத்தது பழசு. இன்று பழைய கார் ஏலங்களில், அதே மாடலில் லீவர் வைத்த காருக்குப் பேடில் காரைவிட மிக அதிக விலை. ஆஸ்டன் மார்ட்டின் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய வான்க்விஷில் தானே வைத்த ஆட்டோமேட்டட் மேனுவலைக் கழற்றி, மேனுவல் லீவர் பொருத்தித் தரும் சேவையைத் தன் பட்டறையிலேயே தொடங்கியது. வேகம் வேண்டியவருக்கு ஆட்டோமேட்டிக், உறவு வேண்டியவருக்கு லீவர். நடுவில் நின்ற ஒற்றை கிளட்சுக்கு ஆள் இல்லை.

மானேசருக்கும் மறைமலைநகருக்கும்

ஆள் இல்லை என்றால் வேகக் கார் உலகில் இல்லை. நம் ஊரில் ஏராளமாக இருக்கிறது. ஃபெராரியின் பேடில் கியருக்கு எண்ணெய், மின்னணு வேலை பார்த்துக்கொடுத்த இத்தாலியின் மாக்னெட்டி மாரெல்லி கம்பெனியின் ஏஎம்டிதான், 2014-ல் மாருதி செலெரியோவில் வந்தது. பிறகு மானேசரில் தயாரிப்பும் தொடங்கியது. சென்னை ஒரகடத்தில் தயாரான ரெனோ குவிட் உட்படப் பல சின்ன கார்கள் ஏஎம்டிக்கு வந்தன. விலை மேனுவலைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், மைலேஜ் ஏறக்குறைய அதே. கிளட்ச் மிதித்து முழங்கால் ஓய்ந்தவர்களுக்கு அது வரம். ரியோவில் ஜெயித்த குலத்துக்கு இது வீழ்ச்சி என்று நான் நினைக்கவில்லை. 0.06 விநாடிக்காக லட்சக்கணக்கில் கொட்டிய வம்சம், பட்ஜெட் குடும்பத்துக்குப் பயன்படத் தொடங்கியபோதுதான் உருப்படியானது.

தாத்தா வண்டி எங்கே போனது என்று கேட்டால், செங்கல்பட்டு பக்கம் போங்கள். மறைமலைநகரை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை இருக்கிறது. 2021-ல் அங்கே பூட்டப்பட்டு வெளியே வந்த எம்340ஐ, 387 குதிரைத்திறன், 0-100-க்கு 4.4 விநாடி. பழைய வி10 எம்5-ஐவிட வேகம். கியர்பாக்ஸ், எட்டு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்.

புதுசோ பழசோ, இரண்டு மிதி வைத்த வேகக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விற்பவர் உங்களை நேராக நெடுஞ்சாலைக்கு அழைத்துப்போய் மிதிக்கச் சொல்வார். மிதியுங்கள். அதற்கு முன், ஏதாவது ஒரு கட்டடத்தின் பேஸ்மென்ட் ரேம்பில் பாதி ஏறி நிறுத்துங்கள். பிரேக்கை விட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் மேலே ஏற்றுங்கள். பிறகு அதே ரேம்பில் ரிவர்ஸில் ஒருமுறை ஏற்றுங்கள். கருகின வாடை வருகிறதா என்று கண்ணாடியை இறக்கி மோந்து பாருங்கள். செக்கில் கையெழுத்து அப்புறம்.